மண்ணுக்குப் புளிப்பு பார்ப்பவர்

கேள்வி: பதுளைப் பக்கத்துத் தேயிலை இரசாயன ஆய்வுகூடத்தில் தொழினுட்பவியலாளருக்கு என்ன வேலை? தேநீர் குடித்துப் பார்ப்பதா?

பதில்: அது சுவைஞரின் வேலை, அவருக்குத் துப்புவதற்கும் சம்பளம் உண்டு. தொழினுட்பவியலாளர் பார்ப்பது மண்ணின் புளிப்பை. தேயிலைக்கு ஏற்ற பிஎச் 4.5 முதல் 5.5 வரை. மலையிலிருந்து வந்த மண்ணை உலர்த்தி, சலித்து, நீரில் கலக்கி பிஎச் மானியை வைப்பார். மானியை முதலில் பிஎச் தெரிந்த தாங்கற் கரைசல்களில் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது சொல்வது கிளி ஜோசியம். உரம் போட்டுப் போட்டுப் புளிப்பேறிய மலைக்குக் கவ்வாத்துக் காலத்தில், புளிப்பைத் தணிக்க, டொலமைட் போடப்படும்.

அடுத்தது தேயிலைத் தூளின் ஈரம். நிறுத்த தூளை 103 பாகை செல்சியஸ் அடுப்பில் காயவைத்து, ஆறவிட்டு, மறுபடி நிறுக்க வேண்டும். ஆறுமுன் நிறுத்தால் தராசு பொய் சொல்லும்.

பிறகு வாசம். பதுளை அடங்கிய ஊவாவின் தேயிலைக்குரிய தனி வாசம் ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறட்காற்றில்தான் கூடும். அந்த வாசத்தில் பங்குள்ள மெதைல் சலிசிலேட், நோவுத் தைலத்திலும் இருக்கும் அதே பொருள். வாயு நிறப்பகுப்புக் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். கொழும்பு ஏலத்தில்தான் விலை வேறு.

மிச்ச நேரமெல்லாம் கண்ணாடிக் குடுவை கழுவுவது. குழாய்த் தண்ணீரில் கழுவினால் போதாது, கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில்.