தண்டவாளம் இல்லாத ஊரின் பாஸ்காரர்

பயணிகள் ரயில் என்பதே இல்லாத அந்தமான் தீவுகளில், அதிலும் ரங்கத் பக்கத்து எரட்டா துறையிலிருந்து படகேறிப் போய்ச்சேர வேண்டிய லாங் ஐலண்டில் பிறந்து, மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்று, இரண்டாம் பருவம் முடிவதற்குள் ஐரோப்பிய ரயில்களுக்கெல்லாம் கேளாமலே ஆலோசகராகிவிடும் மாணவரைப் 'பாஸ்காரர்' என்ற வகையில் சேர்க்கலாம். போர்ட் பிளேராக இருந்து ஸ்ரீ விஜயபுரமாகிய தலைநகரிலிருந்து டிக்ளிப்பூருக்கு ரயில்பாதை அமைக்கும் திட்டம் இன்னும் பேச்சளவிலேயே இருப்பதால், இவருடைய ரயில் ஞானத்தில் அனுபவத்தின் கலப்படம் மிகக் குறைவு. பெரும்பகுதி விதிகளைப் படித்தே பெற்றது.

ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் ஏற உதவும் பாஸ் இருவகைப்படும்: ஐரோப்பாவுக்கு வெளியே குடியிருப்போருக்கு யூரெயில், உள்ளே குடியிருப்போருக்கு 1972-இல் தொடங்கிய இன்டர்ரெயில். தீவுவாசிக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு வேறு கட்டணம் என்னும் கப்பல் கவுண்டரில் ஐலண்டர் கார்டை நீட்டியே வளர்ந்தவருக்கு, ஜெர்மன் குடியிருப்பு அட்டையைக் காட்டி இரண்டாம் வகைக்குள் நுழைவது இயல்பாகவே கைவருகிறது. ஆனால், குடியிருக்கும் நாட்டுக்குள் அந்தப் பாஸ் வெளியே போக ஒருமுறையும் திரும்பிவர ஒருமுறையும் மட்டுமே செல்லும் என்ற விதியைப் படிக்கும்போது, உள்ளூர் மாடு விலைபோகாது என்பது ஐரோப்பாவுக்கும் தெரிந்திருக்கிறதே என்று வியக்கிறார்.

ஒரு மாதத்துக்குள் விரும்பிய ஏழு நாள் பயணம் என்பது போன்ற பாஸில், 'பயண நாள்' என்பது நள்ளிரவு முதல் மறு நள்ளிரவு வரையிலான 24 மணி நேரம். அதற்குள் எத்தனை ரயிலிலும் ஏறலாம். தரையில் நிற்கும் நேரமெல்லாம் நட்டம் என்பது இதிலிருந்து பாஸ்காரர் தருவிக்கும் சித்தாந்தம். ஆகவே வியன்னாவில் இறங்கியவர் அரண்மனையைத் தேடாமல் அடுத்த நடைமேடையைத் தேடுகிறார்; சால்ஸ்பர்க்கையும் இன்ஸ்ப்ரூக்கையும் சன்னல் வழியே தரிசித்து, பாஸின் விலையைக் கிலோமீட்டரால் வகுத்து, சூரிக் வருவதற்குள் லாபத்தை அறிவித்துவிடுகிறார். பிரான்சின் டிஜிவி போன்ற அதிவேக வண்டிகளில், பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும் என்பதைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகவே கருதி, ஐந்து வண்டி மாறியாவது முன்பதிவு கேட்காத வட்டார ரயிலில் போய்ச் சேருகிறார். இளைஞர் சலுகை 27 வயதோடு நின்றுவிடுவதால், வீட்டார் கல்யாணத்துக்குப் படும் அவசரத்தை இவர் பாஸுக்குப் படுகிறார்.

இவரிடம் மெச்சத்தக்க குணமும் ஒன்று உண்டு. ரயில் நாற்பது நிமிடத் தாமதம் என்று அறிவித்ததும் ஜெர்மானியர் முணுமுணுக்க, காற்று சரியில்லையென்றால் படகே ரத்தாகும் ஊரிலிருந்து வந்த இவர் மட்டும், இன்றைய வண்டி இன்றே வருகிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

விடுமுறையில் ஊர் வந்தவர், ஒரே பாஸில் 33 நாடுகள் சுற்றலாம் என்று ஜெட்டியில் காத்திருப்போருக்கு விரிவுரை நிகழ்த்தும்போது, "அந்தப் பாஸுக்கு ரங்கத் போட்ல ஏத்துவாங்களாப்பா?" என்று யாராவது ஒரு பெரியவர் கேட்டுவிடுவது உண்டு. இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் இடையே ஓடும் சில கப்பல்களில் அதற்குச் சலுகை இருப்பதாகத் தொடங்கி, அங்கும் இருக்கைக்குத் தனிக்கட்டணமா என்ற நுட்பத்தை அவர் அலசிக்கொண்டிருக்கையில் படகு வந்துவிடுகிறது. பெரியவர் ஏறி உட்கார்ந்துவிட, பாஸ்காரருக்குத் தாம் இன்னும் டிக்கெட்டே எடுக்கவில்லை என்பது நினைவுக்கு வருகிறது.