நீதாம்லே தேளு

ஏலே பேராண்டி, பொண்ணு பாக்க வரமாட்டேன்னு மொரண்டு பிடிக்கியாமே? அந்தப் பிள்ளை நவம்பர் 10ல பொறந்தவ, ஸ்கார்ப்பியோ, கொட்டிருவான்னு செல்போன் சொல்லிச்சாம். நீ ஏப்ரல் 5, ஏரீஸாம். ஆட்டுக்கும் தேளுக்கும் ஒத்துவராதாம். நல்லவேளை, ஆட்டுக்கு எத்தனை கட்டு அகத்திக்கீரைன்னு அது சொல்லலை.

அந்தப் பெட்டி எப்படி ராசி சொல்லுதுன்னு யோசிச்சியா? நீ பொறந்த அன்னைக்குச் சூரியன் எங்க நின்னுதோ அதுதான் உன் ராசிங்குது. சூரியன் ஒரு ராசியைக் கடக்க ஒரு மாசம் ஆகும். அதனால தேதி இருந்தாப் போதும். நேரம் வேண்டாம், ஊரு வேண்டாம். பத்திரிகைக்காரனுக்கு இதைவிட என்ன வசதி வேணும்? 1930ல லண்டன் சண்டே எக்ஸ்பிரஸ்ல நெய்லர்னு ஒருத்தர், இளவரசி மார்கரெட் பொறந்ததுக்குப் பலன் எழுதினாரு. சனங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. எங்களுக்கும் சொல்லுன்னா என்ன செய்வாரு? ஒவ்வொரு வாசகன் வீட்டுக்கும் போய்ப் பிரசவ நேரம் கேக்கவா முடியும்? பிறகு சில வருசத்துல பன்னண்டு ராசிக்கும் பன்னண்டு பத்தின்னு கடையை விரிச்சாச்சு.

நம்ம ஆளுக சந்திரனைப் பாப்பாங்க. அது ஒரு ராசியில ரெண்டேகால் நாள்தான் தங்கும். நட்சத்திரம் 27, ஒவ்வொண்ணுக்கும் நாலு பாதம், ஒம்போது பாதம் சேந்தா ஒரு ராசி. லக்கனம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க மாறிக்கிட்டே இருக்கும். அதனாலதான் நீ பொறந்தப்ப உங்க ஆச்சி, பிள்ளை ஆணா பொண்ணான்னு கேக்காம, மணி என்னன்னு நர்ஸம்மாகிட்ட கேட்டா.

சரி, உன் வழிக்கே வாரேன். சூரியன்னே வச்சுக்குவோம். மார்ச் 21 வாக்குல பகலும் ராத்திரியும் சமமா வருதுல்லா, அங்கேருந்துதான் வெள்ளைக்காரன் மேஷத்தை எண்ணுதான். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி அது சரி. ஆனா பூமி பம்பரம் மாதிரி தலையாட்டிக்கிட்டுல்ல சுத்துது? 72 வருசத்துக்கு ஒரு பாகை வீதம் அந்த எடம் பின்வாங்குது. கிறிஸ்து பொறக்கு முன்னயே ஹிப்பார்க்கஸ்னு ஒரு கிரேக்கன் இதைக் கண்டு சொல்லிட்டான். இப்ப 24 பாகை கிட்ட நகந்தாச்சு. அயனாம்சம்னு அதைக் கழிச்சுட்டுத்தான் நம்மூர்ல பஞ்சாங்கம் போடுதாங்க. மேஷத்துக்குள்ள சூரியன் நுழையுற சித்திரை ஒண்ணு ஏப்ரல் 14ல வாரது அதனாலதான். அதுலயும் வாக்கியம், திருக்கணிதம்னு ரெண்டு கட்சி. அந்தச் சண்டைக்குள்ள என்னை இழுக்காத.

ஆக, நீ பொறந்தது பங்குனி. சூரியன் நின்னது மீனத்துல. இத்தனை நாளும் ஆடுன்னு நெனைச்சு முட்டிக்கிட்டுத் திரிஞ்ச பய, பாத்தா மீனு! அந்தப் பிள்ளை பொறந்தது ஐப்பசி. சூரியன் துலாத்துல. தராசைப் பிடிச்சுக்கிட்டு அடக்கமா நிக்கிறவளைப் போய்த் தேளுங்கியே, நியாயமாலே?

இன்னொண்ணு சொல்லுதேன், வெளிய சொல்லிக்கிடாத. ஆச்சி டிரங்குப்பெட்டியில உன் ஜாதகம் கெடக்கு. அனுஷ நட்சத்திரம். ராசி என்ன தெரியுமா? விருச்சிகம். நீதாம்லே தேளு! பொண்ணு வீட்டுக்காரங்களும் உன்னை மாதிரி யோசிக்கக்கூடாதேன்னு நான் சாமியைக் கும்பிட்டுக்கிட்டுக் கெடக்கேன்.

உங்க அப்பனுக்கும் பாத்தியாமே? ஜூன் 1, ஜெமினி, ரெட்டை மனசுன்னு வந்துச்சாம். அட கூறுகெட்டவனே, அவன் பொறந்தது தீவாளி அடைமழையில. பள்ளிக்கூடத்துல சேக்கப் போனா வயசு காணலை. தலைக்கு மேல கையைப் போட்டுக் காதைத் தொடச் சொன்னாரு வாத்தியாரு. தொட்டுட்டான். ஜூன் 1ன்னு எழுதிட்டாரு. அந்த வருசம் சேந்த பிள்ளைகள்ல பாதிக்கு ஜூன் 1தான் பொறந்தநாள். ஒத்தைப் பேனாவுல அத்தனை பேரையும் மிதுனமாக்கிட்டாரு மனுசன்.

ஆனாலும் ரெட்டை மனசுங்கிறது மட்டும் ரொம்பச் சரின்னு உங்கம்மா சொல்லுதா. இப்ப நான் சூரியனைக் கும்பிடவா, வாத்தியாரைக் கும்பிடவா?