தண்டையல் ஏசாத நாள்

வடக்கே மருதமுனைக்கும் தெற்கே கல்முனைக்கும் நடுவிலே கிடக்கும் பாண்டிருப்பின் மணற்கரையில், வாடைக் காற்றின் சீற்றம் தணிந்து கடல் அடங்கிய மாதங்களில், விடியற்பொழுதிலே உலாவப் புறப்படும் புதியவர் ஒருவருக்குக் கரைவலைத் தோணி கண்ணிற் படுவதற்கு முன்னமே ஒரு குரல் காதில் விழும். காணிப் பிணக்கொன்று கைகலப்பிலே முடியப்போகிறதென்று அவர் பதைபதைப்பார். ஊரவரோ, "தண்டையல் வந்திட்டாரு, இண்டைக்கு வலை வளைப்பாங்க" என்று சாவதானமாகச் சொல்லிவிட்டுக் கறிச்சட்டியைத் தேடப் போவார்கள்.

சாரனை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, தலையிலே ஒரு துவாயைச் சுற்றி, வாயின் ஒரு மூலையில் வெற்றிலையையும் மறுமூலையில் வசவையும் அடக்கி வைத்திருக்கும் கரைவலைக் கூட்டத்தின் தலைவரான இந்தத் தண்டையல், தமக்குக் கீழே வேலை செய்யும் முப்பது நாற்பது பேரில் ஒருவரையேனும் பெற்றோர் இட்ட பெயரால் அழைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஒருவன் கச்சான், ஒருவன் சுருட்டன், ஒருவன் ஒட்டகம். பட்டப்பெயர் கிடைக்காதவன் இன்னும் வேலைக்குச் சேராதவன் என்றே கரையில் கணக்கு.

2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடல் எழுந்து இந்தக் கரையை அழித்துப் போன பிற்பாடு, தோணிகளும் வலைகளும் நிவாரணமாக வந்ததோடு, அவற்றின் பின்னாலேயே பயிலரங்குகளும் வந்தன. தலைமைத்துவம் என்னும் விஷயத்தைப் பற்றி, பகலுணவுப் பார்சலோடு கூடிய பிரசங்கங்கள் மண்டபங்கள்தோறும் நிகழ்ந்தன. ஊழியனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பலர் முன்னிலையிற் பாராட்ட வேண்டும். தனிமையிலே கண்டிக்க வேண்டும். முகத்திற் புன்னகை மாறலாகாது என்றெல்லாம் அங்கே உபதேசிக்கப்படுவதுண்டு. இவற்றுள் ஒன்றையாவது நம் தண்டையல் அனுஷ்டிப்பதாகச் சொல்ல முடியாது. அவர் ஏசுவது ஊரறிய; பாராட்டுவது அந்த ஆள் இல்லாதவிடத்து, அதுவும் அவனுடைய மாமியார் வீட்டு வாசலிலே. "உங்கட மருமகன் இல்லாட்டி நேற்று வலை மடி கிழிஞ்சிருக்கும்" என்று போகிற போக்கிலே சொல்லிவிட்டுப் போவார். கரையிலே நூறு பேர் கேட்கக் கிடைக்கும் பாராட்டைக் காட்டிலும் மாமியார் காதில் விழும் பாராட்டு எத்துணை மேலானது என்பதை விவாகமானவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவிலே டக்ளஸ் மக்கிரெகர் என்னும் பேராசிரியர் 1960 இல் ஒரு நூல் எழுதி, மேலதிகாரிகளின் மனப்பான்மையை இரண்டாக வகுத்துக் காட்டினார். மனிதன் இயல்பிலே சோம்பேறி, விரட்டினால்தான் வேலை செய்வான் என்று நம்புவது எக்ஸ் கோட்பாடு. நம்பி ஒப்படைத்தால் தானே விரும்பிச் செய்வான் என்று கொள்வது வை கோட்பாடு. தண்டையலின் வாய் எக்ஸ் கோட்பாட்டையும் கை வை கோட்பாட்டையும் சார்ந்தவை. ஒரே தேகத்திலே இரண்டும் சமாதானமாகக் குடியிருக்கக் கூடும் என்பதைப் பேராசிரியர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

கரைவலையின் வேலைமுறை அறிந்தவர்களுக்கே அந்த ஏச்சின் நியாயம் புலப்படும். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலை அரைவட்டமாக வளைத்து வலையை இறக்கிக்கொண்டு போய், மறு தலைப்பைத் தூரத்தே கரை சேர்க்கும். பிறகு இரண்டு அணியார் இரண்டு கயிறுகளையும் இழுத்தபடி ஒருவரை ஒருவர் அணுகி வருவார்கள். மீன் திரளும் மடி எல்லாவற்றுக்கும் கடைசியிலேதான் வரும். ஓர் அணி முந்தினாலும் வலை கோணிக்கொள்ளும், மீன் தப்பிவிடும். ஆகவே நம்மவர் பிந்துகிறவனை ஏசுவதிலும் பார்க்க முந்துகிறவனையே அதிகம் ஏசுவார். "டேய் ஒட்டகம், ஒனக்கு மட்டுமாடா மீன் வருது?" என்ற கேள்விக்குள் அடங்கிய நிர்வாக ஞானம், தன் திறமையை மட்டும் மேலிடத்துக்குக் காட்டத் துடிக்கும் உத்தியோகத்தர் நிறைந்த அலுவலகங்களுக்கு மிகவும் உபயோகமானது. ஒட்டகங்கள் அங்கேதான் பெருகிக் கிடக்கின்றன.

பங்கு பிரிக்கும் வேளையில் அவரைப் பார்க்க வேண்டும். ஏலம் முடிந்து, செலவு கழித்து, தோணிக்கும் வலைக்கும் உரிய முதலாளியின் பாகம் போக, எஞ்சியதைச் சகலரும் பார்த்திருக்க வெட்ட வெளியிலே பகிர்வார். ஒரு ரூபாய் கூடக் குறையக் கண்டால் யாரும் கேட்கலாம். கேட்டவனுக்கு ஏச்சும் கிடைக்கும், அந்த ரூபாயும் கிடைக்கும். கயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்ற கிழவருக்கும், பள்ளிக்கூடம் போகுமுன் ஓடிவந்து பிடித்த பையனுக்கும் கறிக்கு மீன் உண்டு. இரண்டு ஊராரும் சேர்ந்து இழுக்கும் வலையாயின், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகவேண்டிய மருதமுனைக் காக்காமாருக்கும், திரௌபதை அம்மன் கோயிலின் 18 நாட் சடங்கிலே மீன் வாடையே ஆகாதென்று விரதம் காக்கும் பாண்டிருப்பு மச்சான்மாருக்கும் சுற்றுநிருபம் இல்லாமலே விடுமுறை நடக்கும். விண்ணப்பம் எழுதுகிற வழக்கமில்லை. "எனக்குத் தெரியாதாடா, போ" என்பதே அனுமதிப் பத்திரம்.

இனி, மடி வெறுமையாக வரும் நாளைச் சொல்ல வேண்டும். நெத்தலி இல்லை, சூடை இல்லை, பாசியும் நாலு சொறிமுட்டையும். அன்றைக்குத்தான் அந்த வாய் அடங்கிப்போகும். "நான்தான் இடம் பிழைச்சிட்டன்" என்று ஒரு வாக்கியம். பிறகு, எல்லாருக்கும் தேத்தண்ணி, அவருடைய கடன் கொப்பியில். இழுத்தவர்கள் அந்த இனிமையைத் தாங்கமாட்டாமல் நெளிவார்கள். ஏச்சில்லாமல் இரண்டு நாள் கழிந்தால், வீடுகளில் அடகு வைக்க என்ன இருக்கிறதென்ற ஆலோசனை ஆரம்பமாகிவிடும்.

கரையோரத்தின் வேறு சில பகுதிகளிலே இப்போது உழவு இயந்திரத்தைக் கொண்டு வலை இழுப்பிக்கிறார்கள்; அதனாற் பெரும் பிணக்குகளும் எழுந்திருக்கின்றன. இயந்திரம் நன்றாகத்தான் இழுக்கும். ஆனால் அதற்கு மாமியார் இல்லை.

இப்படிப்பட்ட தண்டையலிடம் ஆய்வுக்கென்று படிவத்தோடு ஓர் இளம் உத்தியோகத்தர் வந்து, "ஐயா, உங்களுடைய தலைமைத்துவப் பாணி எத்தகையது?" என்று கேட்பாராயின் என்ன நடக்குமென்பதை ஊகிப்பது கடினமன்று. "அதப் பிறகு பாப்பம் மனே, இப்ப அந்தப் பக்கத்துக் கயிறப் புடி" என்பார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு அவரும் பிடிப்பார். முந்தி இழுத்ததற்காக ஏச்சும் வாங்குவார். உச்சி வெயிலில், கையிலே ஒரு கோர்வை சூடையும், "காற்சட்டை" என்னும் நாமகரணமும் பெற்று அவர் திரும்புகையில், படிவத்திலே நிரம்பியிருப்பது திகதி மாத்திரமே.