கதைக்கும் தரைக்கு ஒரு நன்றிக் கடிதம்

வவுணதீவு,
மட்டக்களப்பு.

வீடற்றோருக்கு வீடு வழங்கும் மதிப்புக்குரிய அலுவலகத்தின் பணிப்பாளர், பொறியியலாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், மற்றும் திறப்பு விழாவில் நாடா வெட்டிய அனைவருக்கும்,

விடயம்: தரை சத்தமிடுதல் தொடர்பாக நன்றி தெரிவித்தல்.

உங்கள் தயவில் எங்கள் வளவில் ஒரு கல்வீடு நிற்கிறது. அலுவலகத்தின் பெயரை இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை. தேவையும் இல்லை, வாசற்சுவரில் பளிங்குப் பலகை வைத்துப் பெரிய எழுத்தில் பதித்திருக்கிறீர்கள். வீட்டில் இன்னும் வெடிப்பு விழாத இடம் அது ஒன்றுதான்.

சங்கதி என்னவென்றால், வீட்டுத் தரை கதைக்கத் தொடங்கியிருக்கிறது. விறாந்தையில் கால் வைத்தால் வெறும் பானையைத் தட்டின சத்தம். குசினி வாசலில் ஒரு மாபிள் கல், மிதித்ததும் ‘கிறீச்’ என்று மறுமொழி சொல்லும். பக்கத்து வளவு மாமி ஒருநாள் உள்ளே வந்தவர் வைத்த காலைத் தூக்கிக்கொண்டு, “என்னகா இது, கீழ ஆரும் இருக்காங்களா?” என்று கேட்டார்.

குறை சொல்ல வந்த கடிதம் என்று கோப்பை மூடிவிட வேண்டாம். மீனே பாடுகிற மாவட்டம் இது. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டவர்கள் உண்டு. எங்களைப் போன்ற படுவான்கரைக்காரர் அதைக் கேட்பதென்றால் வலையிறவுப் பாலம் தாண்டிப் பட்டணம் போய், அங்கிருந்து கல்லடிக்கு வேறு போக வேண்டும். இப்போது துடுப்பும் வேண்டாம், பூரணையும் வேண்டாம். இரவில் தண்ணீர் குடிக்க எழும்பினால் போதும்.

யப்பானில் கியோட்டோ நகரத்தில் நிஜோ என்றொரு கோட்டை இருக்கிறது. 1603 இல் தொக்குகாவா இயெயாசு கட்டுவித்தது. அங்கே மாளிகை நடையின் பலகைகளை மிதித்தால் குருவிக் குரல் கேட்கும். இரவில் கள்ளன் வந்தால் காட்டிக்கொடுக்கத்தான் அந்த ஏற்பாடு என்று கதை சொல்வார்கள். கோட்டைக்காரர் தரும் விளக்கமோ சப்பென்று இருக்கும்: பலகைக்கு அடியிலுள்ள இரும்புப் பிடியும் ஆணியும் காலப்போக்கில் தளர்ந்துவிட்டன, ஆள் நடக்கும்போது ஒன்றோடொன்று உரசுகின்றன. ஆக, யப்பானையே ஆண்டவரின் வீட்டிலும் தரை பழுதாகிப் பாடுவதற்குக் காலம் பிடித்திருக்கிறது. உங்கள் கொந்தராத்துக்காரர் அதை ஒரே மாரியில் செய்து முடித்தார். இந்தத் திறமைக்குத்தான் முதல் நன்றி.

கனடாவில் இருக்கும் மச்சானிடம் சொன்னேன். அங்கே தரையெல்லாம் மரமாம். பனிக்காலத்தில் வீட்டுக்குள் சூடு போட்டால் மரம் காய்ந்து சுருங்கும், ஆணி இளகும், பலகை முனகும். இடுக்கில் பவுடர் தூவுவார்கள், இல்லாவிட்டால் அடியில் இருக்கும் மரச்சட்டம் வரை திருகாணி இறக்குவார்கள் என்றான். எங்களுக்குத் திருகாணி இறக்கச் சட்டம் ஏது? பவுடரைப் போட்டுப் பார்த்தோம். தரை கலியாண வீட்டுக்குப் புறப்பட்ட கோலத்தில் இருந்தது. சத்தம் நிற்கவில்லை.

பிறகு ஊர் மேசனைக் கூப்பிட்டேன். அவர் ஒரு கம்பித்துண்டால் கல் கல்லாகத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, வெண்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். முடிவில் வட்டம் போடாத கற்களை எண்ணுவது சுலபமாக இருந்தது. அவர் சொன்னதை உங்கள் பொறியியலாளரின் கவனத்துக்குத் தருகிறேன். அவர் படித்த காலத்தில் இந்தப் பாடம் விடுபட்டிருக்கலாம்.

மாபிள் பதிக்கும்போது அடி முழுவதும் சாந்து பரப்ப வேண்டும். இங்கே நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வோர் உருண்டை சாந்து வைத்து அழுத்தியிருக்கிறார்கள். மிச்சமெல்லாம் காற்று. நாளாக ஆக உருண்டை பொடியாகிறது, கல் ஆடுகிறது, பொடி அரைபட்டுக் கிறீச்சிடுகிறது. அதைப் பெயர்த்து, சுரண்டி, திரும்பப் பதித்துவிடலாம். ஆனால் விறாந்தையின் வெறும்பானைச் சத்தம் இன்னும் ஆழத்தில் இருந்து வருகிறது. வவுணதீவைச் சுற்றிய வயற்காணி களி நிலம். மாரியில் தண்ணீரைக் குடித்து ஊதும். கச்சான் காற்றடிக்கும் கோடையில் வாய் பிளக்கும். அந்தக் களியை அகற்றி, அத்திவாரக் கட்டுக்குள் கிறவல் போட்டு, ஒவ்வோர் அரை அடிக்கும் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கி, அதற்கு மேல்தான் கொங்கிறீட் போட வேண்டும். போட்ட கொங்கிறீட்டை ஒரு கிழமையாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டிலோ வெட்டியெடுத்த களியையே வேரோடும் வெறும் சீமெந்துப் பையோடும் திரும்ப உள்ளே தள்ளி, மேலே மணல் தூவி மூடிவிட்டார்கள். மழை வந்தது, மண் இறங்கியது. கொங்கிறீட் மட்டும் மரியாதைக்காக அந்தரத்தில் நிற்கிறது.

உங்கள் ஆட்கள் மேற்பார்வைக்கு வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வந்தார்கள். அத்திவாரம் கட்டியதும் படம் எடுத்தார்கள், சுவர் எழும்பியதும் எடுத்தார்கள், கூரை ஏறியதும் எடுத்தார்கள். தரைக்கு அடியில் என்ன போகிறது என்பதைப் படம் எடுக்க ஒருவரும் வரவில்லை. கோப்பில் ஒட்ட அது அழகாக இருக்காதுதான். காசும் அதே வரிசையில் வருகிறது: அத்திவாரத்துக்கு ஒரு கொடுப்பனவு, சுவருக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, தரையும் பூச்சும் கடைசியில். அதற்குள் சீமெந்து விலையும் கூலியும் ஏறிவிடும். ஏறிய விலையைத் தரை தன் தலையில் தாங்கும். ஆட்சி மாறினால் அந்தக் கடைசிக் காசும் சந்தேகம். 2019 இல் ஆட்சி மாறிய பிறகு எங்கள் மாவட்டத்தில் கூரையில்லாமல், தரையில்லாமல் அரைவாசியில் நின்ற மாதிரிக் கிராம வீடுகள் எத்தனை! அந்தக் குடும்பங்களோடு ஒப்பிட்டால் எங்களுக்குச் சத்தம் போடவாவது ஒரு தரை இருக்கிறது. இரண்டாவது நன்றி அதற்கு.

இதைவிட நல்லதும் இதைவிட மோசமானதும் இந்த நாடு பார்த்திருக்கிறது. 2012 இல் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவைச் சனத்தின் வங்கிக் கணக்கிலேயே கட்டம் கட்டமாகப் போட்டு, நீங்களே கட்டுங்கள் என்று விட்டார்கள். காசு போதாமல் நகையை அடகு வைத்தவர்கள் உண்டு. ஆனாலும் தன் வீட்டுக்குத் தானே கிறவல் இடிக்கிற மனுசன் சீமெந்துப் பையை உள்ளே புதைக்கமாட்டான். அதற்குப் பிறகு 2016 அளவில், வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்றும், வீடொன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்றும் ஒரு திட்டம் வந்தது. அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே என்று படித்தவர்களும் அரசியல்வாதிகளும் எதிர்த்தார்கள். திட்டமிட்டபடி அது நடக்கவில்லை. நடந்திருந்தால் சுவரும் கூரையும் சேர்ந்து பக்கவாத்தியம் வாசித்திருக்கும்.

அம்மாவின் பழைய மண்வீட்டில் தரை சாணம் மெழுகியது. அதுவும் வெடித்தது, மறைப்பானேன்? ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வாளி சாணமும் களியும் குழைத்தால் அன்றைக்கே அடைபட்டுவிடும். அதற்கு விண்ணப்பப் படிவம் இல்லை, கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு இல்லை, ‘உங்கள் முறைப்பாடு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற கடிதமும் இல்லை.

எங்கள் தரையை இனி யாரும் வந்து பார்க்க வேண்டாம். அதை மேசனும் நானும் உடைத்து, நிரப்பி, திரும்பப் போட்டுக்கொள்கிறோம். செலவைப் ‘பயனாளிப் பங்களிப்பு’ என்று உங்கள் அறிக்கையில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆயித்தியமலைப் பக்கமோ உன்னிச்சைப் பக்கமோ அடுத்த வீட்டுத்திட்டம் வருமானால், கிறவல் நிரப்பும் நாளில் உங்கள் உத்தியோகத்தர் ஒருவரை அனுப்புங்கள். இறுக்கியதை அவர் ஏறி மிதித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகு கொங்கிறீட் போடட்டும். தரை மட்டத்தைக் கொழும்பில் இருந்து தீர்மானிக்காதீர்கள். 2011 தை மாத வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேட்டால் ஊரார் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். தரைக்கான காசைக் கூரைக் காசோடு சேர்த்துத் தாருங்கள். திறப்பு விழாவை ஐப்பசிக்கு முன் அவசரப்பட்டு வைக்காமல், மாரி முடிந்து மாசியில் வையுங்கள். அதுவரை கொந்தராத்துக்காரரின் கடைசிக் காசோலையும் உங்கள் மேசையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பயனாளி