மேகம் தனியாக வரவில்லை

"ஏரி மாவட்டத்தைப் பாக்காம ஊருக்குக் கிளம்பக்கூடாதுப்பா" என்று மான்செஸ்டரில் இருக்கும் மகள் உத்தரவு போட்டுவிட்டாள். எனக்கும் ஆட்சேபம் இல்லை. பள்ளியில், அந்த வட்டாரத்துக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் பாட்டை ஒப்பிக்கும்போது நடுவில் ஒரு வரியை விழுங்கிவிட்டு, அதற்காகப் பெஞ்சு மேல் ஏறி நின்றவன் நான். அந்தப் பூவோடு ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது.

மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் நானும் என் மனைவியும் மட்டும் ரயிலேறி விண்டர்மியரில் இறங்கினோம். அந்த ஊருக்கு ரயிலே வரக்கூடாது, வந்தால் கண்ட கூட்டமும் வந்து அமைதியைக் கெடுக்கும் என்று வேர்ட்ஸ்வொர்த் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் போராடியிருக்கிறார். பலிக்கவில்லை, 1847-இல் ரயில் வந்துவிட்டது. அவர் பயந்த கூட்டம் நாங்கள்தான், கையில் புளியோதரை டப்பாவோடு.

வெளியே மழை. நம்மூர் மழை இடித்து, மின்னி, தெருவைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். இது குமாஸ்தா மழை. காலையில் வந்து உட்கார்ந்தது, சத்தமில்லாமல், தலை நிமிராமல் நாள் முழுக்க வேலை பார்த்தது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. இந்த வட்டாரத்தின் சீத்வெயிட் என்ற குக்கிராமத்தில் சுமார் 3,500. நாம் மொத்தமாக வாங்குவதை இவர்கள் தவணையில் வாங்குகிறார்கள், வட்டியும் சேர்த்து.

விண்டர்மியரிலிருந்து கெஸ்விக் ஊருக்குப் போகும் பஸ்ஸின் எண் 555. அந்த எண்ணை அதற்கு முன் நான் பார்த்தது சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் சிகரெட் பெட்டியில்தான். இந்த 555-இலும் உள்ளே ஒரே புகை: நனைந்த கோட்டுகளிலிருந்து கிளம்பிய ஆவி. மாடியில் இடப்பக்கமாக உட்கார்ந்தோம். ஏரி எல்லாம் அந்தப் பக்கம்தான் என்று மகள் படம் வரைந்து கொடுத்திருந்தாள். நான் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைப்பேன். என் முகம் தெரியும். மறுபடி துடைப்பேன், அதே முகம், கொஞ்சம் கவலையோடு. விண்டர்மியர் இங்கிலாந்திலேயே பெரிய ஏரி, சுமார் 17 கிலோமீட்டர் நீளம். அவ்வளவு பெரிய பொருளையும் ஒளித்துவைக்க மேகத்தால் முடியும் என்று அன்று கண்டேன். மேகம் தனியாக அலைந்ததாகத்தான் பாட்டில் படித்திருந்தேன். நாங்கள் போன அன்று அது பெண் பார்க்க வருவது போலச் சுற்றம் சூழ வந்திருந்தது.

"விண்டர்மியர் லேக் எங்கே?" என்று முன்சீட்டுப் பாட்டியம்மாவைக் கேட்டேன். 'மியர்' என்றாலே ஏரிதானாம். விண்டர்மியர் லேக் என்பது நாம் 'நடு சென்டர்' என்பது மாதிரி. இத்தனை ஏரிகள் இருந்தும், பெயரிலேயே 'லேக்' என்று வருவது பாசன்த்வெயிட் ஒன்றுக்குத்தான். மற்றதெல்லாம் மியர், வாட்டர், டார்ன். இவ்வளவும் சொல்லிவிட்டு, "வாத்துகளுக்கு அருமையான நாள்" என்று ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார். ஆம்பிள்சைடில் ஏறிய ஒரு நாய், எங்கள் சீட்டருகே நின்று உடம்பை ஒரு உதறு உதறியது. நாய்க்குச் சொந்தக்காரர் 'சாரி' சொன்னார். ஊர் வழக்கப்படி, நனைந்த நானும் 'சாரி' சொன்னேன்.

கிராஸ்மியரில் இறங்கினோம். 1854-லிருந்து இஞ்சி பிரெட் விற்கும் சின்னஞ்சிறு கடை ஒன்று அங்கே இருக்கிறது. செய்முறை பரம ரகசியம். மனைவி ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, தீர்ப்பு சொன்னாள்: "தீபாவளி லேகியத்தைக் காயவெச்சிருக்காங்க."

பக்கத்துத் தேவாலயத் தோட்டத்தில் வேர்ட்ஸ்வொர்த்தின் கல்லறை. டாஃபடில்களும் இருந்தன. ஆனால் ஆடவில்லை, பரீட்சை ரிசல்ட் பார்த்த பிள்ளைகள் மாதிரி தலை தொங்கி நின்றன. அண்ணனுக்கு அருகிலேயே தங்கை டோரதிக்கும் ஒரு கல். அதன்முன் நின்றபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் கரையில் அந்தப் பூக்களைப் பார்த்தபோது கவிஞர் தனியாக இல்லை. டோரதி கூடவே நடந்தார். அன்று காற்று பேயாய் அடித்ததும், பிறகு மழை பிடித்து இருவரும் நனைந்ததும் டோரதியின் நாட்குறிப்பில் இருக்கின்றன. இரண்டு வருடம் கழித்து அண்ணன் பாட்டெழுதியபோது மழையையும் காணோம், தங்கையையும் காணோம். நான் ஒரே ஒரு வரியை விழுங்கியதற்குப் பெஞ்சு மேல் ஏற்றினார்கள்!

மறுபடி பஸ். தர்ல்மியர் வந்தது, அதாவது, வந்ததாக டிரைவர் சொன்னார். 1894-லிருந்து அந்த ஏரித் தண்ணீர் பம்ப் எதுவும் இல்லாமல், சரிவிலேயே ஓடி 96 மைல் தாண்டி மான்செஸ்டருக்குப் போகிறது என்றேன். மனைவி யோசித்தாள். "அப்ப மக வீட்டுச் சமையல்கட்டுல குழாயைத் திறந்தே இதைப் பாத்திருக்கலாமே? டிக்கெட் காசு மிச்சம்."

கெஸ்விக்கில் மழை எங்களைப் பென்சில் மியூசியத்துக்குள் தள்ளியது. அந்த மலைகளில் கிடைத்த கிராஃபைட்டால்தான் ஊருக்குப் பென்சில் தொழில் வந்தது. உள்ளே ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளத்தில் ஒரு கலர் பென்சில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த மியூசியமே மூழ்கி, 2017-இல்தான் மறுபடி திறந்ததாம். அன்று முழுக்க, தலை முதல் கால் வரை நாங்கள் தெளிவாகப் பார்த்த ஒரே பொருள் அந்தப் பென்சில்தான்.

வாசலில் பிக்சர் போஸ்ட்கார்டு விற்றார்கள். நீல வானம், நீல ஏரி, கரையெல்லாம் மஞ்சள் பூ. ஒன்று வாங்கினேன். திரும்பும் ரயிலில் அதைப் போனில் படம் எடுத்து, ஓரத்தை வெட்டி, 'ஏரி மாவட்டம் பார்த்தேன். சொர்க்கம்!' என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். "நல்ல வெயில் போலிருக்கே" என்று மதுரையிலிருந்து தம்பி பதில் போட்டான். கட்டைவிரலை உயர்த்தினேன்.

எதிர்சீட்டில் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்த மனைவி, தன் போனை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"ஏங்க, 'பார்த்தேன்'னு போட்டிருக்கீங்க. அப்ப நான் எங்க போயிருந்தேன்?"