ஒலிவருக்குச் சுகமில்லை

ஹரோ, லண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். நாகபூசணி அம்மாளின்ர துணையால நீங்களும் சுகமா இருப்பியள் எண்டு நினைக்கிறன். ரெலிபோனில சொன்னா நடுவில நீங்கள் கிடாரத்தில அவிக்கிற நெல்லைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவியள். அதால ஆறுதலா எழுதுறன். தம்பியைக் கொண்டு வாசிப்பிச்சுக் கேளுங்கோ.

முதல் விசயம், இஞ்ச வாற சின்னமாமாட்டை அந்தக் கப்சூலைக் குடுத்து விடாதேங்கோ.

ரெண்டாவது, ஒலிவர் எங்கட மேல்வீட்டு அறையில வாடகைக்கு இருக்கிற வெள்ளைக்காரப் பெடியன் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? அது மீனம்மா.

பேத்தி சொன்ன மிச்சமெல்லாம் உண்மைதான். ஒலிவர் சாப்பிடேல்லை, ஒரு பக்கம் சரிஞ்சே கிடந்தது. அவள் மீன் எண்ட ஒரு சொல்லை மட்டும் விட்டிட்டாள். நீங்களும் தாய் தேப்பனை விட்டிட்டு வந்த பிள்ளையாக்கும் எண்டு இரங்கி, குறிகட்டுவானால ஆள் அனுப்பி, யாழ்ப்பாணத்தில அமொக்சிசிலின் ரெண்டு காட் எடுப்பிச்சு வைச்சிருக்கிறியள். அவனுக்கு இடியப்பம் பிடிக்குமோ எண்டும் கேட்டனீங்களாம்.

நீங்கள் சிரிக்கிறது எனக்கு இஞ்ச கேக்குது. ஓராவும் ஒட்டியும் விளைமீனும் கரையில துடிக்கிறதைப் பாத்து வளந்தவன் நான். நாலு பவுணுக்கு ஒரு செம்மஞ்சள் மீனை வாங்கி, அதுக்குக் கண்ணாடி வீடு, லைற், காத்தடிக்கிற மெசின், குளிருக்கு ஹீற்றர் எல்லாம் பூட்டிக் குடுத்திருக்கிறன். நான் முதல் வந்து இருந்த அறையில ஹீற்றர் வேலை செய்யேல்லை.

இனிக் கப்சூல் கதைக்கு வாறன். இந்த நாட்டில 2013ஆம் ஆண்டு மிருக மருந்துச் சட்டம் எண்டு ஒண்டு கிடக்கு. அனுமதி இல்லாத மிருக மருந்தை வெளிநாட்டில இருந்து இறக்கேலாது. சின்னப் பிராணியளுக்கு ஒரு சலுகை இருக்குது எண்டு மருமகள் கண்டுபிடிச்சாள். தொட்டி மீன், கூட்டுக் குருவி, பந்தயப் புறா, முயல், எலி இதுகளுக்குச் சில மருந்துகளை அந்த அனுமதி எடுக்காமலே கடையில விக்கலாம். மீன் கடையில உப்பும் நீல மருந்தும் தட்டு நிறைய இருக்குது. ஆனா அன்ரிபயோரிக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. மிருக வைத்தியர் மீனைப் பாத்துத் துண்டு எழுதித் தந்தாத்தான் உண்டு.

மீறித் தபாலில வாற பாசலைப் பிடிச்சா, அரசாங்கம் அதை இணையத்தில அறிவித்தலாப் போடும். இன்ன ஊரில ஒரு வீட்டு விலாசத்துக்கு இன்ன மருந்து வந்தது, பறிமுதல் எண்டு. பேர் போட மாட்டினம். ஆனா ஹரோவில மீன் தொட்டி வைச்சிருக்கிற நயினாதீவார் எத்தினை பேர்? அடுத்த ஒன்றுகூடலில சோத்துக்கு வரிசையில நிக்கேக்க முதல் கேள்வி எனக்குத்தான்.

இதுக்குள்ள கேளுங்கோ ஒரு புதினம். மாமா பெட்டியில கருவாடு கொண்டு வரலாம். ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் சட்டம் விடுகுது. ஒற்றை மீன் எண்டா 20 கிலோவுக்கு மேல போனாலும் பரவாயில்லையாம். மாமா குடல் எடுத்த முழு அறக்குளா ஒண்டைத் தோளில காவிக்கொண்டு ஹீத்ரோவில இறங்கினாலும் வழி விட வேணும். செத்து உப்பில ஊறிக் காஞ்ச மீன் இருபது கிலோ உள்ள வரலாம். உயிரோட சரிஞ்சு கிடக்கிற மீனுக்கு அரைக் கிராம் மருந்து வரக்கூடாது. புளியந்தீவில இருந்து அம்மாளுக்குப் பூ கொண்டு நீந்தின நாகத்தைக் கருடன் மறிச்ச மாதிரித்தான் சுங்கத்தில மறிக்கிறாங்கள். அண்டைக்குக் கருடனோட சமாதானம் பேசி நாகத்தை விடுவிச்ச மாதிரி இஞ்ச ஒரு வணிகனும் இல்லை.

ஆள் மருந்துதானே, ஆருக்குத் தெரியப் போகுது எண்டு கேப்பியள். அமெரிக்காவில இது தலைகீழா நடந்திருக்கு. மீனுக்கெண்டு போத்தலில வித்த அமொக்சிசிலினைச் சனம் டொக்டர் காசை மிச்சம் பிடிக்கத் தாங்களே விழுங்கினவை. 2023 டிசம்பரில அங்கத்தைய மருந்து நிர்வாகம் அனுமதி இல்லாமல் வித்த கொம்பனியளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினது.

சட்டத்தின்ர நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. தொட்டியில கொட்டுற மருந்து நோய்க்கிருமியோட நிக்காது. தப்பின கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அந்தத் தண்ணி பிறகு சிங்கால ஆத்துக்குப் போகும். பெனிசிலினைக் கண்டுபிடிச்ச பிளெமிங் 1928இல வேலை செய்த சென் மேரிஸ் ஆசுப்பத்திரி இஞ்ச பாடிங்ரனிலதான் இருக்கு. 1945இல நோபல் பரிசு வாங்கேக்கயே அந்த மனிசன் சொல்லிப்போட்டுது, மருந்தைக் குறையக் குடுத்தாக் கிருமி திமிர் பிடிக்கும் எண்டு. அம்மா, அவருக்கு உங்கட மலிபன் பிஸ்கற் ரின்னைப் பற்றித் தெரிஞ்சிருக்க நியாயம் இல்லை. ஆனாலும் அதைத்தான் சொன்னவர். டொக்டர் பத்துக் குளிசை குடுத்தா நாலு போட்டதும் சுகம் எண்டு ஆறை ரின்னில போடுவியள். பிறகு அந்த ஆறும் ஒழுங்கையில ஆருக்கெல்லாம் போனது எண்டு நினைச்சுப் பாருங்கோ. தலைக்கு ஒண்டு, அதுவும் தேத்தண்ணியோட.

ஆனா ஒண்டு, சோளகம் தூக்கி வள்ளம் ஓடாத நாளில என்ர காலில கட்டி பழுத்துக் காய்ச்சல் நெருப்பாக் காஞ்சுது. அண்டைக்குத் துறையில நிண்டு கடலைப் பாத்த அப்பா திரும்பி வந்து ஒண்டும் பேசேல்லை. நீங்கள் ரின்னைத் திறந்தனீங்கள். சிவப்பும் மஞ்சளுமாக் கிடந்த அந்தக் கப்சூலை நான் மறக்கேல்லை. பிளெமிங்குக்குக் கடல் கடந்து பாமசிக்குப் போற வில்லங்கம் இருக்கேல்லை.

ஒலிவரை வைத்தியரிட்டைக் கொண்டு போனம். பக்கத்தில இருக்கிறவை நாய் பூனை மட்டும்தான் பாப்பினமாம். மீன் பாக்கிறவர் ஒரு மணித்தியாலம் தள்ளி. வேலையில லீவு கேட்டன், மீனுக்குச் சுகமில்லை எண்டு உண்மையைச் சொன்னன். மேலதிகாரி என்ர தோளில கை வைச்சு, வேண்டிய நாள் எடு எண்டான். அப்பான்ர அந்தியேட்டிக்கு ரெண்டு கிழமை கேக்க, கலண்டரைப் பிரட்டிப் பிரட்டி மூண்டு நாள் தந்த அதே ஆள். அதுக்குள்ள ஊருக்கு வந்து போக ஏலாமல் நான் இஞ்ச இருந்து ஐயரோட வீடியோவில தர்ப்பை போட்டது உங்களுக்குத் தெரியும்.

வைத்தியர் ஒலிவரைக் கண்ணாடியால பாத்தார், தண்ணியை எடுத்துச் சோதிச்சார், என்ன சாப்பாடு எண்டு கேட்டார். மருமகள் என்னைப் பாத்தாள், நான் பேத்தியைப் பாத்தன். அவள் தலையைக் குனிஞ்சு கொண்டு "புட்டு" எண்டாள். வயிறு வீங்கி, காத்துப்பை அமத்துப்பட்டு, அதாலதான் சரிஞ்சு கிடந்ததாம். கிருமியும் இல்லை, ஒண்டும் இல்லை. ரெண்டு நாள் பட்டினி, பிறகு தோல் உரிச்சு அவிச்ச பட்டாணியில ஒரு துண்டு. அதுக்கு அவர் எடுத்த காசுக்கு ஒலிவர் மாதிரி முப்பது மீன் வாங்கலாம். இப்ப அது நிமிந்து நீந்துது. இரவில பேத்தி அதுக்குத் தேவாரம் பாடுறாள்.

அதால மாமாட்டைக் கருவாடு குடுத்து விடுங்கோ. ஒடியல் மாவும் ஒரு பை. 20 கிலோவுக்கு மாமா ஆசைப்படாமல் நாலு கிலோவோட நிக்கட்டும், அவற்ற உடுப்புக்கும் பெட்டியில இடம் வேணும். சுங்கத்தில கேட்டா, சமைக்கிறதுக்கு எண்டு மட்டும் சொல்லட்டும். வீட்டில ஆருக்குச் சுகமில்லை எண்டெல்லாம் விளக்க வெளிக்கிட வேண்டாம். போனமுறை கருவாடு பொரிக்கேக்க, ஒலிவர் காணக்கூடாது எண்டு பேத்தி தொட்டிக்கு என்ர குளிக்கிற துவாயைப் போட்டு மூடினவள். அந்தத் துவாய் இப்பவும் மணக்குது.

இப்படிக்கு,
உங்கட மூத்தவன்

பி.கு. அந்த ரெண்டு காட்டையும் ரின்னில போட வேண்டாம். போட்டாலும் எனக்குச் சொல்ல வேண்டாம்.