ஊர் ஒன்று, ஸ்பெல்லிங் ஒன்பது

திருவள்ளூர் மாவட்டத்தில் ஸ்பெல்லிங் தொல்லை இல்லாமல் வாழ்ந்து முடித்தவர்கள் அத்திரம்பாக்கத்துக் கற்கால மனிதர்கள் மட்டும்தான். இன்றைய பூண்டி ஏரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 15 லட்சம் வருடங்களுக்கு முன்பே கைக்கோடரி செதுக்கியவர்கள். ஒருத்தர்கூட கோடரியில் ஊர்ப்பேர் பொறிக்கவில்லை. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் வந்து கற்களைப் பொறுக்கி எழுதி வைத்தார். அன்று பிடித்தது சனி. அத்திரம்பாக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு ‘டி’யா இரண்டா என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் பேதம்.

திருவள்ளூர்ப் பேரின் கதை ஃபூட்டின் காலத்தைவிடப் பழசு. சாலிஹோத்திர முனிவர் வீட்டுக்குக் கிழவர் வேடத்தில் வந்த பெருமாள், மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, ‘படுக்க எவ்வுள்?’ என்று கேட்டாராம். எந்த அறை என்று அர்த்தம். முனிவர் தன் அறையைக் காட்ட, பெருமாள் படுத்தார், இன்னும் எழுந்திருக்கவில்லை. விருந்தாளி கேட்ட கேள்வியே திரு எவ்வுள் என்று ஊர்ப்பேராகி, ஜனங்களின் வாயில் உருண்டு தேய்ந்து திருவள்ளூரில் வந்து நின்றது. இந்த மாற்றத்துக்கு அரசாணை எதுவும் போடப்படவில்லை.

சோழர்களுக்கு வேறு விதமான தலைவலி. பக்கத்துத் திருவாலங்காட்டில் 1905-ல் ராஜேந்திர சோழனின் செப்பேடு கிடைத்தது. 31 ஏடுகள், ஒரே வளையம், இரண்டு எழுத்து. வடமொழிப் பகுதி கிரந்தத்தில், தமிழ்ப் பகுதி தமிழில். காரணம் எளிது: நம் க ஒற்றை ஆளாக நாலு பேர் வேலை பார்க்கிற குமாஸ்தா. வடமொழியின் நாலு ககரமும் அதன் தலையில்தான். ராஜேந்திரன் பேரில் வரும் ஜ-வுக்கோ ஆளே கிடையாது, கிரந்தத்திலிருந்து கடன். கங்கை கொண்டவன் கைவசம் ஒரு ஜ இல்லை!

ஓலை எழுதியவர்கள் இன்னொரு சிக்கனம் செய்தார்கள். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியையே விட்டுவிட்டார்கள். எ-வுக்கும் ஏ-வுக்கும், ஒ-வுக்கும் ஓ-வுக்கும் வித்தியாசம் காட்டியது அந்தப் புள்ளிதான். அது போனதும் ஓலையில் இருப்பது வெலூரா வேலூரா என்பது படிப்பவர் புத்திசாலித்தனத்தைப் பொறுத்தது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18-ம் நூற்றாண்டில் கொம்புக்கு இன்னொரு சுழி போட்டு கெ, கே என்று பிரித்துக் கொடுத்தார். நம் எழுத்தை நமக்கே திருத்தித் தர ஒரு பாதிரியார் கப்பலேறி வரவேண்டியிருந்தது.

எல்லா வெள்ளைக்காரரும் அவரைப் போல மெனக்கெடவில்லை. பழவேற்காட்டுக்கு வந்த போர்த்துக்கீசியரும், 1613-ல் அங்கே கெல்டிரியா கோட்டை கட்டிய டச்சுக்காரரும் ழ-வைப் பார்த்தார்கள், ற்-ஐப் பார்த்தார்கள், இரண்டையும் கடலில் போட்டார்கள். மிச்சம் ‘பலியகாட்’. அந்தப் பேரோடு துணி கப்பலேறியது. மலாய்க்காரர்கள் அந்தக் கைலியை ‘காயின் பெலேகாட்’ என்றார்கள். இன்று நம்மூர் ஜவுளிக்கடையில் லுங்கியைப் பிரித்தால் ஓரத்து லேபிளில் ஆங்கிலத்தில் ‘பலயகாட்’. பழவேற்காட்டு மீனவர், தன் ஊர்ப்பேரை அடையாளம் தெரியாமலே இடுப்பில் கட்டிக்கொண்டு வலை இழுக்கிறார்.

1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. கவர்னர் ஹாரிஸ் பிரபு வெள்ளைக்கார விருந்தாளிகளோடு ஒரு வண்டியில் ஆற்காட்டுப் பக்கம் போனார்; இன்னொரு வண்டி திருவள்ளூர் வந்தது. வந்து நின்ற ஊரின் பேர் ஆங்கிலத்தில் ‘ட்ரிவெல்லூர்’. திரு என்று இரண்டு எழுத்து சொல்லக்கூட நேரமில்லாத அவசரம். பிறகு 1870-களில் வில்லியம் ஹன்டர் என்ற அதிகாரி ஊர்ப்பேர்களை ஒழுங்காக எழுத ஒரு முறை வகுத்தார். கல்கத்தா, பம்பாய் போன்ற பிரபல ஊர்களுக்கு மட்டும் பழைய ஸ்பெல்லிங்கே இருக்கட்டும் என்றார். பெரிய மனிதர்களுக்கு விதி பொருந்தாது என்பது எழுத்துக்கூட்டலிலும் உண்டு.

நம் ஆட்கள் கணக்கு தீர்த்தது 2020 ஜூனில். தமிழில் ஒலிப்பது போலவே ஆங்கிலத்திலும் எழுதவேண்டும் என்று 1,018 ஊர்களுக்குப் புது ஸ்பெல்லிங் தந்து அரசாணை வெளிவந்தது. ஆசை நியாயமானது. கையாண்ட விதம்தான் வேடிக்கை. கோயம்புத்தூர் 10 எழுத்திலிருந்து 14-ஆகப் பெருத்தது. ‘டி-ஹெச்’ மட்டும் அடுத்தடுத்து இரண்டு. அதில் ம்பு-வுக்குப் போட்டது ‘பி ஃபார் பென்சில்’. அம்பத்தூரின் ம்ப-வுக்கோ ‘பி ஃபார் பால்’. அதே ம்ப், அதே வாய்! வேலூருக்கு இரண்டு ‘ஈ’ போட்டார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த குழந்தை அதை ‘வீலூர்’ என்றுதான் வாசிக்கும். வீரமாமுனிவர் ஒரு சுழியில் முடித்த வே, முன்னூறு வருடம் கழித்து மறுபடி காலை வாரியது.

ஜனங்கள் சிரித்த சிரிப்பில் 18-ம் தேதியே அமைச்சர் மாஃபா பாண்டியராஜன் ஆணையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். மறுநாள் சென்னைக்கும் திருவள்ளூருக்கும் கொரோனா முழு ஊரடங்கு. ஊர்ப்பேரை எப்படி எழுதினாலும் ஊருக்குள் போக முடியாது என்று ஆகிவிட்டது.

ஆக, கும்மிடிப்பூண்டிக்கு இன்னும் ரயில்வே ஒரு ‘யூ’ போட்டுப் பூண்டி எழுதுகிறது, மாநில அரசு இரண்டு ‘ஓ’ போட்டு எழுதுகிறது. இரண்டும் ஒரே ஊர்தான் என்று புரிந்துகொள்ள ரயிலில் வந்து இறங்கி, சிப்காட் தொழிற்பேட்டைப் பெயர்ப்பலகையைப் பார்க்கவேண்டும்.

தமிழ்ப் பலகையாவது சரியா? இலக்கணப்படி சொல்லின் முதலில் வரும் க, கல்லில் வருவது போல வல்லென்று ஒலிக்கவேண்டும். கும்மிடிப்பூண்டிக்காரர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சிப்காட் வேலைக்கு வரும் பீகார்காரர் இந்தி எழுத்தைப் பார்த்து அந்த முதலெழுத்தைச் சரியாகவே சொல்லிவிடுகிறார். என்ன, அதே ரயில் பாதையில் எண்ணூரைப் படிக்கும்போது, இந்தியில் குறில் எ இல்லாததால், ஏண்ணூர் என்று நீட்டுவார். அந்தக் கும்மிடிப்பூண்டிக் க எப்படித்தான் ஒலிக்கும் என்று எழுதிக் காட்டலாமென்றால், இந்தக் கட்டுரையும் தமிழில் அல்லவா இருக்கிறது. கங்கையில் வரும் இரண்டாவது க என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் க-வையும் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.